திறமைசாலி, ஆனால் சகிக்க முடியாத ஆள்: அப்படி ஓர் இசைக்கலைஞனைப் பற்றிச் சிரிக்க வைக்கும் படம் ஏதாவது உண்டா?

கேள்வி கேட்டவர் கூடவே இரண்டு நிபந்தனைகள் போட்டிருக்கிறார். ஜாஸ் இசை பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் படம் பிடிக்க வேண்டும். போதை, சீரழிவு, அகால மரணம் என்று போகிற வழக்கமான இசைக்கலைஞர் வாழ்க்கைக் கதையாக இருக்கக் கூடாது. அப்படியானால் என் பதில் ஒரே படம்தான்: 1999இல் வந்த ‘ஸ்வீட் அண்ட் லோடவுன்’. எழுதி இயக்கியவர் வுடி ஆலன்.

நாயகன் எம்மெட் ரே, 1930களின் அமெரிக்காவில் கிளப் கிளப்பாகப் போய் வாசிக்கிற கிடார்க்காரன். நடித்திருப்பவர் ஷான் பென். எம்மெட் என்று யாரும் வாழ்ந்ததில்லை, முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால் படம் ஓர் ஆவணப்படத்தின் தோரணையில் ஆரம்பிக்கும். வுடி ஆலனே கேமரா முன் உட்கார்ந்து எம்மெட்டின் அருமை பெருமைகளைச் சொல்வார். நாட் ஹென்டாஃப் என்ற நிஜ ஜாஸ் விமர்சகரும் வந்து தன் பங்குக்குச் சொல்வார். விஷயம் தெரியாமல் பார்த்தால், அட, இவ்வளவு பெரிய கலைஞனை நாம் கேள்விப்படவே இல்லையே என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள். பின்பாதியில் பெட்ரோல் பங்க் ஒன்றில் நடந்த சம்பவத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எது நிஜம் என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை, மூன்று விதமாகவும் நடத்திக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்தக் காலத்து ஜாஸ் உலகத்துக்கு இது ரொம்பப் பொருத்தம். ஜெல்லி ரோல் மார்ட்டன் என்ற பியானோக்காரர் 1938இல் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், 1902இலேயே ஜாஸை உருவாக்கியவன் நான்தான் என்று உரிமை கொண்டாடினார். பல்லில் வைரம் பதித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். எம்மெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுக்கு வருவார்.

எம்மெட்டின் யோக்கியதையைச் சொல்கிறேன். நேரத்துக்கு வரமாட்டான். வந்தால் குடித்திருப்பான். சம்பாதித்ததைவிட அதிகமாகச் செலவழிப்பான். கண்ணில் பட்ட சில்லறைச் சாமான்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வான். பெண்களை வைத்துத் தொழில் வேறு நடத்துகிறான். பொழுதுபோக்கு இரண்டு: குப்பைமேட்டில் எலி சுடுவது, தண்டவாளத்தோரம் நின்று ரயில் போவதைப் பார்ப்பது. புதிதாகப் பழகும் பெண்களையும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவான்! ஒருமுறை மேடைக்குப் பிறை நிலவில் அமர்ந்தபடி மேலிருந்து இறங்கி வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஆள் வைத்துப் பெரிய நிலா ஒன்றைச் செய்யச் சொல்கிறான். அந்த நிலா அவன் நினைத்தபடி இறங்குமா என்ன?

இப்படிப்பட்டவனை ஒன்றரை மணி நேரம் எப்படிப் பொறுத்துக்கொள்வது? வெறும் தற்பெருமைக்காரனாக இருந்தால் பத்து நிமிடத்தில் சலித்துப்போயிருக்கும். எம்மெட்டிடம் ஒரே ஒரு நேர்மை இருக்கிறது, அது அவனுடைய காது. உலகத்திலேயே தன்னைவிடப் பெரிய கிடார்க்காரன் கிடையாது என்று பீற்றிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், பிரான்ஸில் ஒருவர் இருக்கிறார், அவரைத் தவிர என்று சேர்த்துக்கொள்கிறான். யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் எதிரே இருப்பவருக்குத் தெரியவும் போவதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடிவதில்லை அவனால். அந்தப் பிரான்ஸ்காரரை நேரில் பார்த்தபோது மயங்கி விழுந்தவன் அவன். ஒரு நாள் அவர் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ விளையாட்டாகச் சொல்ல, வாசிப்பை விட்டுவிட்டு ஓட்டம் பிடிக்கிறான். படத்தின் நகைச்சுவை முழுக்க இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. இரண்டாம் இடம் தனக்கு என்று தானே கச்சிதமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிற ஒரு கர்வி!

அந்தப் பிரான்ஸ்காரர் மட்டும் நிஜம். ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910இல் பெல்ஜியத்தில் ஒரு நாடோடி ரோமா குடும்பத்தில் பிறந்து, பிரான்ஸில் வளர்ந்தவர். 18 வயதில், அவர் குடியிருந்த வண்டி வீடு தீப்பற்றி, இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிவிட்டன. மீதி இரண்டு விரல்களை வைத்துக்கொண்டே தனக்கென்று ஒரு வாசிப்பு முறையை அமைத்துக்கொண்டார். 1934இல் பாரிஸில் வயலின் வாசிப்பவரான ஸ்தெஃபான் கிராப்பெல்லியோடு அவர் தொடங்கிய குழுவில் டிரம்ஸ் கிடையாது. ஒரு வயலின், மூன்று கிடார், கனத்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியமான பாஸ் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் கேட்டால் கால் தானாகத் தாளம் போடும்.

படம் ஒரு கருத்தை முன்வைக்கிறது. எம்மெட் தன் உணர்ச்சிகளை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறான், அதனால்தான் அவன் இசை ஜாங்கோவின் உயரத்தைத் தொடவில்லை என்பது அது. இதைச் சொல்லும் பிளான்ச் (உமா தர்மன்) ஒரு பணக்கார எழுத்தாளர். எதிரே யார் உட்கார்ந்தாலும் குறிப்பெடுத்து அலசுகிற ரகம். கடைசியில் படமும் அவள் பக்கம்தான் சாய்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஜாங்கோ ஒன்றும் ஒழுங்கின் சிகரம் அல்ல. சூதாட்டப் பிரியர், கச்சேரிக்கு ஒழுங்காக வந்து சேருவார் என்ற உத்தரவாதம் கிடையாது. 1946இல் அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எல்லிங்டன் அழைத்து அமெரிக்காவுக்கு வந்தபோது, நியூயார்க்கின் புகழ்பெற்ற அரங்கமான கார்னகி ஹாலிலேயே ஒரு நாள் மிகத் தாமதமாகத்தான் மேடை ஏறினார். மனசைத் திறந்தால் வாசிப்பு மேம்படும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, சினிமாவுக்கு வசதியாகவும் இருக்கிறது. ஆனால் படத்தில் நாம் கேட்கும் எம்மெட்டின் கிடார் எல்லாம் ஹோவர்ட் ஆல்டன் என்ற தொழில்முறைக் கலைஞர் வாசித்தது. அவரே ஷான் பென்னுக்கு விரல் வைக்கும் விதத்தையும் கற்றுக்கொடுத்தார். கிடார் வாசிக்கத் தெரிந்தவர்கள் கூடத் திரையில் அந்த விரல்களைக் கவனித்துவிட்டுப் பாராட்டுவார்கள். சோகமான காட்சியின் இசையும் ஜாலியான காட்சியின் இசையும் ஒரே மனிதரின் பயிற்சியிலிருந்து வந்தவைதானே.

சரி, ஹாட்டியிடம் வருகிறேன். இந்தப் படத்தைப் பரிந்துரைக்க உண்மையான காரணம் அவள்தான். சலவை வேலை செய்கிற, வாய் பேச முடியாத பெண். நடித்தவர் சமந்தா மார்ட்டன். நியூஜெர்ஸி கடற்கரையில், யாருக்கு எந்தப் பெண் என்று நண்பனோடு நாணயம் சுண்டிப் போட்டதில் எம்மெட்டின் பங்குக்கு வந்தவள். ஊமை என்று தெரிந்ததும் அவன் அடிக்கிற புலம்பல் கேவலமானது, சிரிப்பும் வரும். அப்புறம் அவள் முன்னால் உட்கார்ந்து கிடார் வாசிக்கிறான். அவள் கேட்கிறாள். ஒரு வசனம்கூட இல்லாமல், அந்த முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மார்ட்டன் படத்தை அவனிடமிருந்து பறித்துக்கொள்கிறார். சாப்பிடுவதில் அவளுக்கு இருக்கும் மும்முரத்தையும் கவனியுங்கள். பாவப்பட்ட பெண் என்று நாம் உச்சுக்கொட்ட அவள் இடமே கொடுப்பதில்லை. பழைய படங்களில் வாய் திறக்காமலே சிரிக்க வைத்த ஹார்ப்போ மார்க்ஸ் போல நடிக்கும்படி வுடி ஆலன் சொன்னாராம், யார் அது என்று மார்ட்டன் கேட்டாராம். பென்னுக்கும் மார்ட்டனுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது இருவருக்குமே கிடைக்கவில்லை. இதில் பென்னுக்குக் கிடைக்காதது பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, மார்ட்டனுக்குக் கிடைக்காதது அநியாயம்.

ஒளிப்பதிவு சீனாவின் ஜாவ் ஃபெய். ஆங்கிலம் தெரியாதவர், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் வேலை நடந்தது. கிளப்புகளின் மஞ்சள் வெளிச்சம் அவருடைய கைவண்ணம். கதை இன்னும் பழையது. வுடி ஆலன் 1970 வாக்கிலேயே ‘தி ஜாஸ் பேபி’ என்று ஒரு திரைக்கதை எழுதியிருந்தார். அவரிடமிருந்து நகைச்சுவையை எதிர்பார்த்த தயாரிப்பு நிறுவனம் அதைப் படித்துவிட்டுத் திகைத்துப்போக, அதை ஓரம் கட்டிவிட்டார். அதன் விதைதான் கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து இந்தப் படமானது. இயக்குநரின் சொந்த வாழ்க்கை பற்றிய குற்றச்சாட்டுகளால் அவர் படங்களையே பார்ப்பதில்லை என்று இருப்பவர்கள் உண்டு. கலைஞனின் குணத்தைப் பற்றிய பதிலில் அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. பார்ப்பதும் விடுவதும் உங்கள் முடிவு.

பார்ப்பதாக இருந்தால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், எம்மெட் பாதி வார்த்தைகளை மென்று விழுங்குகிற ஆள். படத்துக்கு முன்னால் எதையும் கேட்டுத் தயாராக வேண்டாம். முடிந்த பிறகு ஜாங்கோவும் கிராப்பெல்லியும் 1937இல் பதிவு செய்த ‘மைனர் ஸ்விங்’, அதற்கப்புறம் 1940இல் வந்த ‘நுவாஜ்’, இரண்டையும் இதே வரிசையில் கேளுங்கள். எம்மெட் ஏன் மயங்கி விழுந்தான் என்று ‘நுவாஜ்’ பாதி ஓடுவதற்குள் புரிந்துவிடும்.