-எஃப்பிக் போட்டதும் இபிஎக்ஸ் எங்கே போகிறது?

கேள்வி: 32 பிட் எக்ஸ்86 லினக்ஸுக்கு ஒரு ஷேர்டு லைப்ரரி எழுதுகிறேன். ஜிசிசி கம்பைலரில் -எஃப்பிக் (எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடும் கோடை உருவாக்கச் சொல்லும் ஆப்ஷன்) போட்டால் உள் லூப் மெதுவாகிறது, சிபியுஐடி (பிராசசரின் விவரங்களைக் கேட்கும் கட்டளை) கூப்பிடும் இன்லைன் அசெம்பிளியும் எரர் தருகிறது. -எஃப்பிக்கை எடுத்துவிடலாமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். எடுத்தால் லைப்ரரியை மெமரியில் ஏற்றும் லோடர், கோடு இருக்கும் மெமரி பக்கங்களுக்குள்ளேயே புகுந்து முகவரிகளைத் திருத்த வேண்டிவரும், திருத்திய பக்கங்களைப் பல புராசஸ்கள் பகிர்ந்துகொள்ள முடியாது. முதலில் கம்பைலர் பதிப்பைப் பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஜிசிசி 5-க்கு முந்தையது என்றுதான் நினைக்கிறேன்.

காரணம் இதுதான். லைப்ரரி எந்த முகவரியில் உட்காரும் என்பது முன்கூட்டியே தெரியாது, 32 பிட்டில் 'நான் இப்போது எங்கே இருக்கிறேன்' என்று நேராகக் கேட்கும் வழியும் கிடையாது. அதனால் ஃபங்ஷன் தொடங்கும்போதே தங்க் என்ற ஒரு குட்டி உதவி ஃபங்ஷனைக் கூப்பிடுவார்கள். அதில் இரண்டே வரி: இஎஸ்பி (ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரிஜிஸ்டர்) காட்டும் இடத்தில் இருக்கும் ரிட்டர்ன் முகவரியை இபிஎக்ஸ் என்ற ரிஜிஸ்டரில் எடு, பிறகு ரிட் (திரும்பிப் போ). அதோடு ஒரு எண்ணைக் கூட்டினால் ஜிஓடி டேபிளின் (வேரியபிள், ஃபங்ஷன் முகவரிகளை வைத்திருக்கும் பட்டியல்) முகவரி கிடைத்துவிடும். பழைய ஜிசிசி அந்த முகவரியை ஃபங்ஷன் முழுக்க இபிஎக்ஸிலேயே பூட்டி வைத்தது. சிபியுஐடி தன் விடையை இபிஎக்ஸிலும் எழுதும், அதனால்தான் அந்த எரர். இருப்பதே 8 ரிஜிஸ்டர், ஸ்டாக்குக்கு ஒன்று, சில சமயம் ஃப்ரேமுக்கு ஒன்று போய், இதுவும் போனால் உங்கள் லூப்புக்கு மிஞ்சுவது ஐந்தோ ஆறோதான்.

உண்மையில் அப்படிப் பூட்டி வைக்க அவசியமே இல்லை. பிஎல்டி (வெளி ஃபங்ஷன்களுக்கு வழிகாட்டும் குட்டிக் கோடுகளின் டேபிள்) வழியாக வெளி ஃபங்ஷனைக் கூப்பிடும் அந்த நொடியில் மட்டும் இபிஎக்ஸில் ஜிஓடி முகவரி இருந்தால் போதும், ஏபிஐ (கம்பைல் ஆன கோடுகள் ஒன்றையொன்று கூப்பிடும் விதிகள்) கேட்பது அவ்வளவுதான். 2015-இல் வந்த ஜிசிசி 5 இதைத்தான் சரிசெய்தது: முகவரியை எந்த ரிஜிஸ்டரிலும் வைக்கலாம், தேவையில்லாதபோது ஸ்டாக்கில் போட்டுவிட்டு இபிஎக்ஸை லூப்புக்குக் கொடுக்கலாம். சிபியுஐடி எரரும் அதோடு போய்விடும். கம்பைலரை மாற்றவே முடியாது என்றால், சொந்த அசெம்பிளியை விட்டுவிட்டு சிபியுஐடி.ஹெச் தரும் மேக்ரோவைப் பயன்படுத்துங்கள், இபிஎக்ஸை எடுத்து வைத்துத் திருப்பிப் போடும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், உள்ளுக்குள்ளேயே புழங்கும் ஃபங்ஷன்களை ஸ்டாட்டிக் (அந்த ஃபைலுக்குள் மட்டும் தெரிவது) ஆக்குங்கள், முடியாதவற்றை ஹிடன் (லைப்ரரிக்கு வெளியே தெரியாதது) ஆக்குங்கள், அவற்றைக் கூப்பிட பிஎல்டி வேண்டாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். -எஃப்விசிபிலிட்டி=ஹிடன் என்று கமாண்ட் வரியில் போட்டால் அது டெஃபினிஷனுக்கு மட்டும்தான் பிடிக்கும், இன்னொரு ஃபைலில் இருக்கும் எக்ஸ்டர்ன் டிக்ளரேஷனைத் தொடாது. கடைசியில் லிங்கர் அந்த அழைப்பை நேரடி அழைப்பாக மாற்றிவிடலாம், ஆனால் அதற்கு முன்பே கம்பைலர் இபிஎக்ஸை நிரப்பும் கோடை எழுதி முடித்திருக்கும்! அதனால் ஹெடரிலேயே பிராக்மா (கம்பைலருக்கான குறிப்பு வரி) போட்டு ஹிடன் என்று சொல்லுங்கள். குளோபல் வேரியபிள் என்றால் லாபம் கொஞ்சம் குறைவு, ஜிஓடியிலிருந்து எடுக்கும் ஒரு லோட் மட்டும் குறையும், ஜிஓடி முகவரியை வைத்திருக்கும் பேஸ் ரிஜிஸ்டர் அப்போதும் வேண்டும்.

லூப்புக்குள் வெளி ஃபங்ஷனைக் கூப்பிட்டே ஆக வேண்டுமா? ஜிசிசி 6 முதல் -எஃப்நோ-பிஎல்டி இருக்கிறது. அழைப்பு நேராக ஜிஓடி வழியாகப் போகும், இபிஎக்ஸ்தான் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சோம்பேறி பைண்டிங் (முதல் முறை கூப்பிடும்போதுதான் முகவரியைத் தேடும் வசதி) மட்டும் போய்விடும்.

64 பிட்டுக்கு மாற வழி இருந்தால் மாறிவிடுங்கள், அங்கே ஆர்ஐபியை (இப்போது ஓடும் இடத்தைக் காட்டும் ரிஜிஸ்டர்) வைத்தே முகவரி கணக்கிடலாம், 16 ரிஜிஸ்டரும் உண்டு. மாற முடியாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஆப்ஜ்டம்ப் -டி (கம்பைல் ஆன கோடை அசெம்பிளியாகக் காட்டும் கமாண்ட்) ஓட்டி அந்த லூப்பை மட்டும் பாருங்கள். இஎஸ்பியை ஒட்டிய ஒரே இடத்திலிருந்து சுற்றுக்குச் சுற்று லோட் நடந்துகொண்டிருந்தால் ரிஜிஸ்டர் இன்னும் போதவில்லை என்று பொருள்.