கடன் வாங்கி 2 கறவை மாடு: கட்டுப்படியாகுமா?
கடனில் 2 மாடு வாங்க நீங்கள் போட்ட கணக்கு இது: மாட்டுக்கு நாளுக்கு 10 லிட்டர் பால், லிட்டர் 35 ரூபாய், மாதம் 21,000 வரவு. கடன் தவணை மாதம் 6,000 போக மீதியெல்லாம் லாபம் என்று போட்டிருக்கிறீர்கள். நண்பரே, தீவனச் செலவு எங்கே? 10 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு அடர்தீவனமே (புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்தது) நாளுக்கு 5 கிலோவுக்குக் குறையாது. கிலோ 30 ரூபாய் என்றாலும் இரண்டுக்கும் மாதம் 9,000. அந்த 10 லிட்டரும் கன்று ஈன்ற முதல் சில மாதக் கறவைதான். அப்புறம் இறங்கும், அடுத்த ஈற்றுக்கு முன் 2 மாதம் கறக்காமல் வற்றவிட வேண்டும். அப்போதும் மாடு தின்னும், தவணையும் நிற்காது. பாலில் கொழுப்போ எஸ்.என்.எஃப்.-போ (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறைந்தால் பால் சொசைட்டியில் 35-உம் வராது.

பசுந்தீவனம் போட நிலமும் தண்ணீரும் இருந்தால் ஒரு மாட்டோடு தொடங்குங்கள். அடுத்ததை ஆறு மாதம் கழித்து வாங்கினால் எப்போதும் ஒரு மாடாவது கறவையில் இருக்கும். வைக்கோல்கூட விலைக்குத்தான் என்றால், கடன் வேண்டாம்.