தண்ணீர்மலை ஏறலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. பூப்பந்து ஆடும்போது இடது முட்டிச் சில்லு இரண்டு முறை வெளிப்பக்கம் நழுவிவிட்டது. அதைப் பிடித்திருக்கும் உள்பக்கத் தசைநாரை அறுவை செய்து புதிதாக அமைத்து ஐந்து மாதம் ஆகிறது. வலி இல்லை; படி இறங்கும்போது மட்டும் கால் தயங்குகிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் படி ஏறலாமா? பூப்பந்து எப்போது ஆடலாம்?
— வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தங்கச்சி, ஏறுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இறங்குவதில்தான் கவலை. 513 படி. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடல் எடையை ஒற்றைக் காலின் முன்தொடைத் தசை மெதுவாக இறக்கிவைக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு மெலிந்துபோவது அந்தத் தசைதான். வலி போன வேகத்தில் பலம் திரும்புவதில்லை.

உங்கள் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. முட்டி லேசாக, சுமார் 30 டிகிரி வரை மடங்கும்போது சில்லைப் பிடித்திருப்பது பெரும்பாலும் இந்தத் தசைநார்தான். அதற்குமேல் மடங்கினால் தொடை எலும்பின் பள்ளம் தாங்கிக்கொள்ளும். "பயப்படாதே" என்று வீட்டில் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். பலம் ஏற ஏறத்தான் அந்தப் பயம் விலகும், அதற்குள் காலை அவசரப்படுத்தாதீர்கள்.

கண்ணாடி முன் தாழ்வான படியொன்றில் இடது காலில் நின்று, வலது குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்குங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் மலைக்கு இன்னும் நேரம் வரவில்லை. சாயாவிட்டால், கூட்டமில்லாத ஒரு காலையில் கொஞ்சம் படி மட்டும் ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் முட்டி வீங்கியிருந்தால் அந்த அளவு அதிகம். தைப்பூசத்தன்று போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம். வெறுங்கால், ஈரப்படி, பின்னால் நெருக்கும் கூட்டம். நினைத்த இடத்தில் நிற்கக்கூட முடியாது. கீழே நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலில் இருப்பவரும் தண்டாயுதபாணிதான், இந்த வருடம் அங்கேயே கும்பிடுங்கள்.

பூப்பந்தா? ஆறு மாதத்துக்கு முன் பேச்சே வேண்டாம். அப்புறமும் நாள்காட்டியை மட்டும் பார்த்து ஆடக்கூடாது. இடது காலின் பலம் வலது காலின் பலத்தில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். ஒற்றைக் காலில் குதித்துத் தடுமாறாமல் நிற்க வேண்டும். முதலில் நேராக மெதுவோட்டம், பிறகு பக்கவாட்டு நகர்வு, கடைசியில்தான் வலையருகே பாய்வதும் சட்டென்று திரும்புவதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் உங்கள் அறுவை மருத்துவரும் பிசியோவும் சரி சொல்லட்டும். நடுவில் சில்லு நகர்வதுபோல் தோன்றினால் அன்றே ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவர்களைப் போய்ப் பாருங்கள்.