உறவின்போது ஆழத்தில் வலி, கர்ப்பப்பை வாயில் அடி: கேள்வி பதில்

மகளிர் நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். "வயிறு வலிக்குது சிஸ்டர்" என்று மட்டும் சொல்லி, மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, கதவுவரை போன பிறகு திரும்பி வந்து காதோரமாகச் சொல்வார்களே, அந்த வலியைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம். கூச்சப்படாமல் கேட்ட எல்லோருக்கும் நன்றி.

கல்யாணமாகி எட்டு மாசம் ஆகுது அக்கா. உள்ளே ஏதோ முட்டுற மாதிரி வலி. மறுநாள் வரைக்கும் அடிவயிறு இழுத்துப் பிடிக்குது. ஏன்?

பிறப்புறுப்புப் பாதையின் மேல் முனையில் கர்ப்பப்பை வாய் இருக்கிறது. விரல் வைத்துப் பார்த்தால் மூக்கு நுனி போலத் தட்டுப்படும். சாதாரண நேரத்தில் அந்தப் பாதையின் நீளம் சுமார் 7, 8 சென்டிமீட்டர்தான். பெண்ணுக்கு ஆசை நன்றாகக் கூடும்போது பாதை நீண்டு, மேல்பகுதி அகன்று, கர்ப்பப்பையும் சற்று மேலே ஏறிக்கொள்ளும். அதற்கு நேரம் தராமல் அவசரப்பட்டால், கீழே இருக்கும் கர்ப்பப்பை வாயில் நேராக இடிக்கும். அடி பலமாக விழுந்தால் ஒன்றிரண்டு நாள் மந்தமான வலி, லேசான ரத்தக் கசிவு, சிலருக்குக் குமட்டல்கூட வரும். ஆகவே உங்களுக்கு முதல் மருந்து நேரம்தான். முத்தம், தடவல், பேச்சு என்று கால் மணி நேரமாவது போகட்டும். உடம்பு தயாராகிவிட்டது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அடுத்தது.

எந்த நிலையில் இருந்தால் இடிக்காது?

ஆழமும் வேகமும் உங்கள் கையில் இருக்கிற நிலை எதுவோ, அதுதான் நல்லது. நீங்கள் மேலே இருந்தால் எவ்வளவு போக வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். இருவரும் ஒருக்களித்துப் படுத்தாலும் ஆழம் குறையும். மல்லாந்து படுக்கும்போது முழங்காலை மார்புவரை மடக்குவதும், இடுப்புக்கடியில் தலையணை வைப்பதும் ஆழத்தைக் கூட்டும், அதனால் தலையணையை எடுத்துவிட்டுக் கால்களைத் தாழ்த்தி நீட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கமிருந்து செய்வது பலருக்கும் வலி தரும். கர்ப்பப்பை பின்புறம் சாய்ந்திருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தெரியலாம். ஐந்து பெண்களில் ஒருவருக்கு அப்படிச் சாய்ந்துதான் இருக்கும். அது நோயல்ல. ஆணுறுப்பின் அடிப்பகுதியில் மாட்டி, முழுவதும் உள்ளே போகாமல் தடுக்கும் மென்மையான சிலிக்கான் வளையங்களும் கிடைக்கின்றன.

நான் கணவன். அவளுக்கு வலிக்குமோ என்று பயந்தே இப்போது கிட்டப் போவதில்லை.

தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நீங்கள் பேசாமல் விலகினால் 'என்னைப் பிடிக்கவில்லையோ' என்றுதான் அவர் நினைப்பார். பகலில், சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள். 'போதும்' என்று சொல்ல ஒரு சொல்லோ, தோளில் ஒரு தட்டோ வைத்துக்கொள்ளுங்கள். அது வந்த நொடியே நிறுத்த வேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்ற பேச்சே கூடாது. அடுத்த தடவையும் வலிக்கும் என்ற பயம் வந்துவிட்டால் இடுப்புத் தசை தானாக இறுகும், வலி இன்னும் கூடும். சில வாரம் உள்ளே நுழைக்காமல் நெருக்கமாக மட்டும் இருங்கள்.

சில நாள் ஒன்றுமே இல்லை, சில நாள் உயிர் போகிறது. எப்படி?

மாதவிடாய்ச் சுழற்சிதான். விலக்கு நாட்களிலும் அதை ஒட்டியும் கர்ப்பப்பை வாய் கீழிறங்கிக் கெட்டியாக இருக்கும். கருமுட்டை வெளிவரும் சமயம் மேலேறி மெத்தென்றிருக்கும். வலித்த தேதிகளை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் வலி கூடும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா?

லேடெக்ஸ் ஆணுறை போடுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம், எண்ணெய் பட்டால் அது கிழியும். நீர் சார்ந்த ஜெல் வாங்குங்கள். மரத்துப்போக வைக்கும் களிம்பு எதுவும் கூடாது. வலி தெரியாமல் போனால் அடிபடுவதும் தெரியாது.

அடிபட்டுவிட்டது. இப்போது என்ன செய்ய?

வலி முழுக்க ஆறும்வரை உறவு வேண்டாம். அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம், ஒத்துக்கொள்பவர்களுக்குப் பாராசிட்டமால், இது போதும். உள்ளே எதையும் ஊற்றிக் கழுவாதீர்கள். ரத்தம் நிற்காமல் போனாலோ, காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மயக்கம் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாள் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்கமாகக் கடும் வலி வந்தால் கருக்குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு தடவையும் உறவுக்குப் பின் ரத்தக்கறை படுகிறது. வயது 36.

இதை 'அடிபட்டிருக்கும்' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், அம்மா. கர்ப்பப்பை வாயில் சதை வளர்ச்சியோ தொற்றோ இருக்கலாம். பெரும்பாலும் எளிதில் சரியாகும். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவாக இருக்கக்கூடும். இந்த வாரமே காட்டுங்கள். ரத்தம் படாதவர்களும் 30 வயதுக்கு மேல் இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்கிறார்கள்.

நிலையை மாற்றிப் பார்த்தும் வலி போகவில்லை. விலக்கு நாட்களிலும் துடித்துப் போகிறேன்.

அப்படியானால் இது இடிப்பதால் மட்டும் வரும் வலியல்ல. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), சினைப்பைக் கட்டி, ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக் கட்டி), இடுப்புக்குழித் தொற்று என்று காரணம் இருக்கக்கூடும். ஸ்கேன் சாதாரணமாக வந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 'கல்யாணமானா சரியாகும், குழந்தை பிறந்தா சரியாகும்' என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை.

எனக்கு 52 வயது. விலக்கு நின்ற பிறகு எரிச்சலும் வலியும்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் அங்கே தோல் மெலிந்து வறண்டுபோகிறது. ஜெல்லும் ஈரப்பதம் தரும் களிம்பும் உதவும். போதவில்லை என்றால் மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதித் தருவார். பாலூட்டும் தாய்மாருக்கும் இதே வறட்சி வரும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது அக்கா? வாய் வரவில்லை.

ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: வலி வாசலிலா ஆழத்திலா, எப்போது தொடங்கியது, எத்தனை நேரம் நீடிக்கிறது, ரத்தம் படுகிறதா, கடைசி விலக்கு எப்போது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், கூட ஒருவரை அழைத்துப் போகலாம். பரிசோதிக்கும்போது வலித்தால் 'நிறுத்துங்க டாக்டர்' என்று சொல்லுங்கள், நிறுத்துவார்கள்.