ஐந்து மாதம் ஆகிவிட்டது, இனி புகார் கொடுக்க முடியுமா?

கேள்வி: என்னுடன் வேலை செய்யும் தோழிக்கு எங்கள் மேலாளர் பல மாதங்களாகப் பாலியல் தொல்லை கொடுத்திருக்கிறார். கடைசியாக நடந்து ஐந்து மாதம் ஆகிறது. 'அப்பவே ஏன் சொல்லல?' என்று இன்னொரு சக ஊழியர் கேட்டதும் பின்வாங்கிவிட்டாள். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நாட்களை எண்ணுங்கள். 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் கணக்கு. தாமதத்துக்குக் காரணம் இருந்தால், நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் உள்ளகப் புகார்க் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஆக, குழு நீட்டித்தால் உங்கள் தோழிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயம், தன் மதிப்பீட்டை எழுதுவதே அந்த மேலாளர்தான் என்ற நிலை, எதுவானாலும் மறைக்காமல் புகாரிலேயே எழுதச் சொல்லுங்கள்.

'அப்பவே ஏன் சொல்லல?' என்பது, பெண்கள் தங்களுக்கு நடந்த பாலியல் தொல்லையை வெளிப்படையாகச் சொன்ன மீ டூ இயக்கம் 2018-இல் இங்கே பரவியபோதும் எல்லோரும் கேட்டதுதான். அப்போது மத்திய இணை அமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பர் தொடர்ந்த அவதூறு வழக்கில், அவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றம் சாட்டிய பத்திரிகையாளர் பிரியா ரமணியை டெல்லி நீதிமன்றம் 2021-இல் விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழித்தும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது தீர்ப்பு. ஆனால் அது அவதூறு வழக்கு; குழுவின் கெடுவை அது தளர்த்தாது. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நிரூபிக்க முடியாவிட்டால் தன் மேலேயே நடவடிக்கை வருமோ என்று உங்கள் தோழி பயப்படலாம். ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாது. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தார் என்று விசாரணையில் தெரிய வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ எழுதிக் கேட்கலாம். தன் வேலையை அந்த மேலாளர் மதிப்பிடக் கூடாது என்றும் தோழி கேட்கலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை.

பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனம் என்றாலோ புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். காவல் நிலையம் தனி வழி. அதற்கு இந்த ஆறு மாதக் கணக்கு கிடையாது.

சரி, நீங்கள்? தோழியின் சம்மதம் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள், மேலாளரிடம் போய்ச் சண்டையும் போடாதீர்கள். தோழி உங்களிடம் எந்தத் தேதியில், என்ன வார்த்தைகளில் சொன்னார் என்பதை இன்றே எழுதி வையுங்கள். குழு உங்களைச் சாட்சியாக அழைத்தால் அந்தக் குறிப்பு உதவும்.