வாசகர் கேள்வி: பதினாயிரம் தாலந்தும் நூறு பணமும்

கேள்வி: குடும்பச் சொத்தில் என் பங்கையும் சேர்த்துத் தம்பி தன் பேருக்கு எழுதிக்கொண்டான். மன்னித்துவிட்டேன் என்று சொல்லியாயிற்று. அவனைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 'பிறரை மன்னித்தால்தான் உனக்கு இரட்சிப்பு' என்று எங்கள் சபை ஐயர் (போதகர்) பிரசங்கம் செய்தார். நான் நரகத்துக்கா போவேன், அண்ணாச்சி?
- வாசகி, நாசரேத்

பதில்: அம்மா, கருவூலத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் நான். மத்தேயு 18-இல் இயேசு ஒரு கதை சொல்கிறார்: ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒரு வேலைக்காரன், தனக்கு நூறு பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரனை மன்னிக்க மறுக்கிறான். அதைத் திறந்தால் எனக்கு முதலில் தொகைதான் கண்ணில் படும். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. இயேசு காலத்து ஆட்சியாளன் ஏரோது அந்திப்பாவுக்கு அவன் ஆண்ட கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து ஆண்டுக்கு 200 தாலந்து வரி கொடுத்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். அப்படியானால் இந்த ஒற்றை வேலைக்காரன் தலையில் இருந்தது அந்த இரு பகுதிகளின் 50 ஆண்டு வரி! இவ்வளவு கடன் ஏற எந்தத் தணிக்கைக்காரன் விட்டான் என்று கேட்காதீர்கள். கலிலேயாக்காரர்கள் கேட்டதும் சிரித்திருப்பார்கள்; சிரிக்கட்டும் என்றுதான் ஆண்டவர் அந்தத் தொகையைச் சொன்னார் என்பது என் எண்ணம்.

அவன் ராஜாவிடம் தள்ளுபடி கேட்கவே இல்லை. தவணைதான் கேட்டான்: "எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." ஆறு கோடி நாள் கூலியை! ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே விட்டுவிட்டார். வெளியே வந்தவன் உடன்வேலைக்காரன் தொண்டையை நெரிக்கிறான், நூறு பணத்துக்காக. அந்த நூறு பணத்தைச் சில்லறை என்று பிரசங்கிமார் பலர் தள்ளிவிடுகிறார்கள். கூலிக்காரனுக்கு அது நான்கு மாத உழைப்பு. உங்கள் பங்கு நிலமும் அப்படித்தான். 'சின்ன விஷயம், விட்டுவிடு' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் ஐயர் வரிசையை மாற்றிவிட்டார். ராஜா முதலில் விட்டுவிட்டார். வேலைக்காரன் யாரையாவது மன்னித்திருக்கிறானா என்று விசாரித்துவிட்டு விடவில்லை. ஆகவே தம்பியை மன்னிப்பது நீங்கள் பரலோகத்துக்குக் கட்டும் முன்பணம் ஆகாது. அதற்காகக் கதையின் முடிவை மழுப்பவும் எனக்கு மனமில்லை. அவனை உபாதிக்கிறவர்கள் கையில் ஒப்புக்கொடுத்ததாகத்தான் வேதம் சொல்கிறது. தள்ளுபடியான சேதி அவன் காதோடு நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் இறங்கியிருந்தால் கை அடுத்தவன் கழுத்துக்குப் போயிருக்காது.

வயிறு எரிவதற்காக நான் உங்களைக் கண்டிக்கப்போவதில்லை. பங்கைக் கேளுங்கள். சபைப் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். கோர்ட்டுக்கு ஓடும் முன் அதைச் செய்யச் சொல்லித்தான் அப்போஸ்தலன் பவுலும் கொரிந்து சபையாரைக் கடிந்தார். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று வரி வசூலிப்பவனான சகேயு சொன்னபோது, 'இரட்சிப்பு வந்துவிட்டதே, பணம் எதற்கு' என்று இயேசு தடுக்கவில்லை. ஆனால் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பதும், பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அவன் பேரைக் கெடுப்பதும் தொண்டையில் கை வைக்கிற வேலை. அந்தக் கையை எடுங்கள்.

கேள்வி: வாழ்நாள் முழுக்க ஓய்வுநாள் பாடம் நடத்தியவர் என் தாயார். என் மாமா குடித்தே அழிந்து, சாகும் படுக்கையில் மனந்திரும்பினார். இருவருக்கும் ஒரே பரலோகமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஆமாம். மத்தேயு 20-இல் இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கூலிக்காரர் கதையில், காலையில் வந்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில், அதாவது பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் எஜமான் கொடுத்தது ஒரே பணம். கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அன்றைய கூலியில்தான் அன்றைய அடுப்பு எரியும். ஒரு மணி நேர வேலைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்தால் கணக்கு சரியாக இருக்கும், பிள்ளைகள் பட்டினி கிடக்கும்.

எஜமான் நினைத்திருந்தால் முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். சண்டையே வந்திராது. கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொன்னார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்படியாக. "நான் தயாளனாயிருக்கிறபடியால் நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்ற கேள்வி காலையில் வந்தவர்களுக்குத்தான். உங்கள் தாயார் உயிரோடிருந்தால் மாமாவைப் பற்றி அவரிடமே கேளுங்கள். ஓய்வுநாள் பாடத்தை அவர் கூலிக்காக நடத்தினாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: நல்ல சமாரியன் சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு பணம், பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் என்கிறார்களே?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: பழங்காலத் திருச்சபைப் போதகர் அகுஸ்தீன் அதை அன்பின் இரண்டு கட்டளைகள் என்றார், சத்திரக்காரன் பவுலாம். அவருக்கு முந்திய போதகர் ஓரிகன் பிதாவும் குமாரனும் என்றார். எனக்கு அது இரண்டு நாள் கூலி. அதிகச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கடனும் சொல்லிவிட்டுப் போனான் அந்த மனுஷன், வழியில் அடிபட்டுக் கிடந்த முன்பின் தெரியாத ஒருவனுக்காக.

லூக்கா 16-இல் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரனை (எஜமானின் சொத்தைப் பார்த்துக்கொண்டவனை) ஆண்டவர் எப்படி மெச்சலாம் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். எஜமானுக்கு வரவேண்டிய நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்று திருத்தி எழுதச் சொன்னவனுக்குப் பாராட்டு என்பது எங்கள் தொழிலின் மானப் பிரச்சினை. இரண்டு வரியில் முடிக்க மாட்டேன், அடுத்த இதழில்.