ஸ்கீ ஓடாதவர் ஸ்கீ லீவுக்குக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: சுவிட்சர்லாந்தின் பேர்ன் மாநிலத்தில் இருக்கிறோம். எனக்கு உணவகச் சமையலறையில் வேலை, மனைவி முதியோர் இல்லத்தில் அரை நேர வேலை. பிள்ளைகளுக்கு 14, 10 வயது. ஒவ்வொரு பெப்ரவரி பள்ளி விடுமுறையிலும் அக்கா குடும்பத்தோடு கிரிண்டெல்வால்ட் என்கிற மலையூரில் ஒரு வாரம் வீடு எடுத்துத் தங்குகிறோம். அக்கா, அத்தான், அவர்களின் மூன்று பிள்ளைகள் எல்லாரும் நன்றாக ஸ்கீ ஓடுவார்கள். எங்கள் பிள்ளைகளும் பள்ளி முகாமில் பழகிவிட்டார்கள். எனக்கு வராது. மனைவி முதல் வருடமே விழுந்து முழங்காலில் அடி. இப்போது லிப்ட் பாஸையும் எடுத்துக்கொண்டு மேலே உணவகத்தில் ஒரு கோப்பியோடு நாலு மணி வரை இருப்பார். செலவைச் சரிபாதியாகப் பிரிப்பதால் எங்கள் பங்கு 5200 பிராங் வருகிறது. போன இரண்டு தடவையும் கடன்தான். இன்னும் 7400 பாக்கி, மாதம் 238 வீதம் மூன்று வருடம் கட்ட வேண்டும். இந்த முறையும் அதே இடத்தில் கேட்டேன். பழையதோடு சேர்த்து 12,600 ஆக்கி, மாதம் 268 வீதம் ஐந்து வருடத்துக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வருடத்துக்கு ஒரு மாதம் கூடுதலாகத் தரும் 13ஆவது மாதச் சம்பளத்தில் வரி போக 2600 மிஞ்சும். அக்காதான் என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர். வரமாட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை. மலையில் ஒரு ஃபிளாட்டில் பங்கு வாங்கினால் வருடா வருடம் வாடகை மிச்சம் என்று அத்தான் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சேமிப்பு ஏன் வேண்டும், வட்டி எப்படி ஏறும் என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தவணை தவறாமல் கட்டுகிறீர்கள். அதனால்தான் கேட்டவுடன் திரும்பவும் தருகிறார்கள். பழைய கடன் முடியும் முன்பே அதன் தலையில் புதியதை ஏற்றுகிற பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது. முதலில் அதை நிறுத்த வேண்டும்.

'மாதம் 30 பிராங்தானே கூட' என்று கடன் கொடுப்பவர் சொல்லியிருப்பார். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இப்போது இருப்பதை அப்படியே கட்டி முடித்தால் 238 தர 36, ஏறக்குறைய 8570 பிராங். கூட்டி எடுத்தால் 268 தர 60, ஏறக்குறைய 16,080. வித்தியாசம் 7500 பிராங். ஒரு வார லீவுக்கு 5200 வாங்கி 7500 கட்டுகிறீர்கள். தவணை முடியும்போது மூத்த பிள்ளைக்கு 19 வயது. அதுவும் அடுத்த பெப்ரவரியில் நீங்கள் திரும்பக் கேட்காமல் இருந்தால்தான்.

அடுத்து அந்த 5200. நீங்கள் அனுப்பிய விவரப்படி வீட்டுக்கு 1900, நாலு பேருக்கு லிப்ட் பாஸ் 1140, ஸ்கீ, சப்பாத்து, ஹெல்மெட் வாடகை 700, உங்கள் இரண்டு பேருக்கும் பயிற்சி வகுப்பு 600, சாப்பாடு 860. இதில் ஸ்கீ ஓடாத உங்கள் இரண்டு பேருக்கான பாஸ், சாமான், வகுப்பு மட்டும் 1800 பிராங்குக்கு மேல். முழங்காலில் அடிபட்டவர் மூன்றாவது வருடமும் ஏன் ஆறு நாள் பாஸ் வாங்க வேண்டும்? எல்லாரும் ஒரே பாஸ் எடுத்தால்தான் ஒன்றாக இருக்கலாம் என்று அக்கா சொல்வாராக்கும். கிரிண்டெல்வால்டில் அதற்கு அவசியமே இல்லை.

கிளைன ஷைடெக் என்கிற கணவாய் 2061 மீட்டரில் இருக்கிறது. ஸ்கீ ஓடுபவர்கள் அதன் இரண்டு பக்கத்துச் சரிவிலிருந்தும் அங்கே வந்து சேரலாம். நீங்கள் ஊரிலிருந்து பல்சக்கர ரயிலில் போய் இறங்கலாம். ஐகர் மலையின் வடக்குச் சுவர் தலைக்கு மேலேயே நிற்கும், 1938 வரை ஒருவராலும் ஏற முடியாமல் இருந்த சுவர். மதியம் அங்கே எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, அவர்கள் சறுக்கி இறங்கட்டும், நீங்கள் ரயிலில் இறங்குங்கள். ஹால்ப்டாக்ஸ் என்கிற பாதிக் கட்டண அட்டை அந்த ரயிலிலும் செல்லும்.

அப்புறம் ஷ்லிட்டன், அந்த மரச் சறுக்குவண்டி. ரயிலில் அல்பிக்லென் நிலையம் வரை போய், அங்கிருந்து கீழே குருண்ட் நிலையம் வரை அதற்கென்றே வெட்டிய பாதையில் இருந்தபடியே இறங்கலாம். வண்டி வாடகை நாளுக்கு 20 பிராங் சுற்றித்தான். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பின்நேரம் அதில் நன்றாகப் போகும். காலை ஊன்றித்தான் நிறுத்த வேண்டும் என்பதால் மனைவி ஏற வேண்டாம். ஃபவுல்ஹோர்ன் மலையிலிருந்து 15 கிலோமீட்டர் இறங்கும் பெரிய பாதை ஒன்று இருக்கிறது. அத்தானின் பிள்ளைகள் அதற்குத்தான் இழுப்பார்கள். ஆனால் ஃபர்ஸ்ட் என்கிற மலை நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரம் வண்டியை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். முதல் தடவையே அதில் இறங்காதீர்கள்.

மனைவிக்கு நான் சொல்வது நடை. மஞ்சள் பலகை வைத்த கோடைப் பாதைகள் உங்களுக்குத் தெரியும். குளிர்காலத்தில் நடப்பதற்கென்று பனியை அழுத்திச் சமன்படுத்திய பாதைகளுக்கு இளஞ்சிவப்புப் பலகை வைத்திருப்பார்கள். கொண்டோலா என்கிற கம்பிவடக் கூண்டில் ஃபர்ஸ்ட் வரை போனால் அங்கிருந்தே அப்படி ஒரு பாதை பாக்கால்ப் ஏரிப் பக்கம் போகிறது. ஏரி பனிக்குக் கீழே மறைந்திருக்கும், ஆனால் எதிரே தெரியும் மலைகளுக்காகவே போகலாம். பாறையைச் சுற்றி இரும்பு நடைபாதை ஒன்றும் ஃபர்ஸ்டில் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. கவுண்டரில் ஸ்கீ பாஸ் கேட்காமல், நடப்பவருக்கான டிக்கெட் என்று கேளுங்கள். முழங்காலுக்குப் பயமென்றால் கொண்டோலாவிலேயே திரும்பி வரலாம். சறுக்காத நல்ல சப்பாத்து ஒன்று வாங்குங்கள், அந்தக் காசு வீண் போகாது.

மலை உச்சி ரயில் நிலையமான யுங்பிராவ்யோக்குக்கு இந்த முறை போக வேண்டாம். ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்த போதெல்லாம் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். பாதிக் கட்டணத்திலும் ஆளுக்கு நூறு பிராங்கைத் தொடும், முகில் மூடினால் ஒன்றும் தெரியாது. அதைவிடப் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஊரான லவுட்டர்புருன்னனுக்கு ரயிலில் போய், 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவுப்பாக் அருவி குளிரில் உறைந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். தங்கும் வீட்டுக்காரரிடம் விருந்தினர் அட்டையையும் கேட்டு வாங்குங்கள். தங்கும் வரியாக நீங்கள் கட்டிய காசுக்குத்தான் அதைத் தருகிறார்கள். ஊர் பஸ், நீச்சல்குளம், ஐஸ் வளையம் எதற்குச் சலுகை என்று அதிலேயே போட்டிருக்கும்.

சரி, இந்த வருடக் கணக்கு. பிள்ளைகள் ஏழு இரவும் அக்காவோடு நிற்கட்டும். மச்சான் மச்சாள்மாரோடு கழிக்கிற ஒரு வாரம் அவர்களுக்கு வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். நீங்கள் இருவரும் புதன்கிழமை போய்ச் சனிக்கிழமை எல்லாரோடும் திரும்புங்கள், மூன்று இரவு. 3800 பிராங் வாடகையை ஆள்–இரவு என்று பிரித்தால் அக்கா வீட்டுக்கு 35, உங்களுக்கு 20. உங்கள் பங்கு ஏறக்குறைய 1400. பிள்ளைகளின் பாஸ் 380. சாமானை மலையில் வாரக் கணக்கில் எடுக்காமல், இலையுதிர் காலத்திலேயே உங்கள் ஊர்க் கடையில் முழுப் பருவத்துக்கு வாடகைக்கு எடுங்கள்; இரண்டு பேருக்கும் 250க்குள் பார்க்கலாம். ரயில், கொண்டோலா, ஷ்லிட்டன் எல்லாம் 250. சாப்பாட்டுக்கு உங்கள் பங்காக இன்னொரு 250. நீங்கள் தொழிலே சமையலாக வைத்திருப்பவர், அந்த மூன்று இரவும் அடுப்படியை நீங்களே எடுத்துக்கொண்டால் அக்காவுக்கும் ஓய்வு. மொத்தம் 2530. 13ஆவது சம்பளத்தில் மிஞ்சும் 2600க்குள் அடங்கிவிடும். கடன் வேண்டாம்.

ஃபிளாட் பங்கு பற்றி ஒரே வரியில் சொல்கிறேன்: வாங்காதீர்கள். பராமரிப்பு, திருத்த வேலைக்கான நிதி, வரி என்று வருடா வருடம் பில் வரும், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும். விற்க நினைத்தால் பங்கை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். கடைசியில் அத்தானிடம்தான் போய் நிற்க வேண்டி வரும், அப்போது காசோடு உறவும் கெடும். அத்தானுக்கு வசதி இருந்தால் அவர் வாங்கட்டும், நீங்கள் வாடகை கொடுத்துத் தங்குங்கள்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் உண்மையில் தவிக்கிறீர்கள். கடன் இருப்பது அவருக்குத் தெரியுமா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். 7400 பாக்கி, மாதம் 238 என்று தொகையோடு சொல்லுங்கள். தம்பியைக் கூப்பிட்டு விட்ட அக்கா, அவன் வட்டி கட்டித் தன்னோடு லீவுக்கு வருவதை விரும்ப மாட்டார். அத்தான் இருக்கும் சபையில் வேண்டாம், அக்காவோடு தனியாகப் பேசுங்கள். வீடு பதிவு செய்வதற்கு முன்பே பேசுங்கள். பிந்தினால் பழைய பங்கு உங்கள் பெயரில் எழுதப்பட்டுவிடும்.

பழையதோடு சேர்த்துத் தரும் அந்தக் கடன் ஒப்பந்தத்தில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பதற வேண்டாம். ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் விலகிக்கொள்ள இந்த நாட்டுக் கடன் சட்டம் உரிமை தருகிறது. தொலைபேசியில் சொன்னால் போதாது, பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய 7400ஐயும் நேரத்துக்கு முன்னாலேயே அடைக்கலாம், மீதிக் காலத்து வட்டியை அவர்கள் கழித்தே ஆக வேண்டும். மனைவிக்கு முழு நேர வேலை கிடைக்கும் மாதங்களில் 238ஓடு இன்னொரு நூறு சேர்த்துக் கட்ட முடியுமா என்று பாருங்கள்.